முதலில் எழுதிய நன்றியுரை

சங்கரன்கோயில் பஸ்சா? ஆமா அண்ணாச்சி, இதுதான். நான் ஏற வேண்டியது இதுலதான். ஆனா பாருங்க, படி வரைக்கும் தொங்குதானுவ. இதுல ஏறி யாரு மிதிபட? அடுத்தாப்ல ஒண்ணு வரும், அதுல போய்க்கிடலாம். நீங்க நல்லா உக்காருங்க. அந்த டிரங்குப் பெட்டிய இப்படி நிழலுக்குத் தள்ளுங்க, தகரம் காய்ஞ்சு உள்ள துணியெல்லாம் சுட்டுப் போகும்.

மகளைச் சேக்க வந்திருக்கீங்களோ? ஹிஸ்டரியா! ஏ யப்பா, எங்க டிபார்ட்மெண்டுதான். பஸ் பஞ்சராகி லேட்டா வந்தீங்களா? அதான் காலையில வரவேற்பு விழாவுல பாக்கலை. நல்லதாப் போச்சு, விட்டது ஒண்ணும் நட்டமில்ல. பிள்ளை தனியாவா உள்ள போயிருக்கு? "நீங்க பெட்டியோட இருங்கப்பா, நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லிட்டாளா? அது சரி. இந்தக் காலத்துப் பிள்ளைக. ஆனா ஆபீசுல எந்த ஜன்னல்ல என்ன குடுக்கணும்னு ஒரு மனுசனுக்கும் தெரியாது அண்ணாச்சி. போன செமஸ்டர் வரைக்கும் நான்தான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையா கூட்டிட்டுப் போவேன். இன்னைக்கு நான் இங்கன பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கேன். செமஸ்டர் தொடங்குத நாளும் அதுவுமா.

என் பேரு கோமதிநாயகம். பி.எச்டி. பண்ணுதேன். எத்தனை வருசமான்னு மட்டும் கேட்றாதீங்க. எங்க அண்ணன் பிள்ளை நான் சேரும்போது தவழ்ந்துக்கிட்டு இருந்தான், இப்ப என்கிட்டயே வந்து, "சித்தப்பா, உங்களுக்கு இன்னும் பரீட்சை முடியலையா"ன்னு கேக்கான். அதை விடுங்க.

செமஸ்டர் திறக்குத அன்னைக்கு என்ன பாடு தெரியுமா அண்ணாச்சி? லீவுல பூட்டிக் கெடந்த ரூம்பு. வௌவால் புழுக்கை. ஃபேனைப் போட்டா ஒரு மாசத்துத் தூசியும் தலையில. நான் விடியுமுன்னமே வந்து கதவைத் திறந்து, கூட்டி, தண்ணி தெளிச்சு, பெஞ்சை நேராப் போட்டு, தண்ணி கேன் வாங்கி வெச்சு, டைம் டேபிள் ஒட்டி, மேடம் ரூம்புல பூ வெச்சு... இதெல்லாம் எனக்குச் சம்பளமா? ஒரு பைசா கெடையாது. யாரும் செய்யச் சொன்னாங்களான்னு கேக்காதீங்க. சொல்லித்தான் செய்யணுமா? அப்புறம் புதுப் பிள்ளைகளுக்கு வரவேற்பு விழா. மைக் செட்டு, பொன்னாடை, விருந்தாளிக்கு வண்டி, எல்லாம் நான். கடைசியில நன்றியுரையும் நான். என் நன்றியுரைக்குன்னே உக்காந்திருப்பாங்க பாத்துக்கிடுங்க. மின்விசிறிய ஓட விட்ட ஈ.பி.க்காரர்லேர்ந்து ஒரு ஆளை விட மாட்டேன். யுனிவர்சிட்டி பூரா என்ன விழான்னாலும், "கோமதியக் கூப்பிடு, நன்றி சொல்ல"ம்பாங்க.

இப்படி இருந்தவனை இன்னைக்கு, கறிவேப்பிலையத் தூக்கிப் போடுத மாதிரி போட்டுட்டாங்க அண்ணாச்சி. யாரு? எங்க மேடம்தான். ஜெபக்கனி மேடம். எங்க எச்.ஓ.டி., எனக்குக் கைடும் அவங்கதான். கைடுன்னா, அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் நம்ம தீசிஸ் உள்ள போகும். அவங்க இந்த செமஸ்டரோட ரிட்டயர்டு. அதுக்குள்ள நான் எழுதிக் குடுத்தாகணும். குடுக்கலைன்னா வேற கைடு. அந்தாளு வந்து "தலைப்பை மாத்து"ம்பாரு. மாத்துனா திரும்ப முதல்லேர்ந்து. அதுக்கும் எனக்கு வழியில்ல, இனிமே நீட்டிப்பு தர மாட்டோம்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. ஆக இந்த செமஸ்டர் போச்சுன்னா எல்லாம் போச்சு. தெரியாமயா இருக்கேன்? எனக்கே தெரியும். ஆனாலும் எல்லாரும் ஒரு தடவை சொல்லிக் காட்டாமப் போறதில்ல.

இன்னா, அடுத்த பஸ் வந்துட்டு. இது... இதுல வேண்டாம் அண்ணாச்சி. இந்த டிரைவர் பாட்டைப் போட்டுக் காதைக் கிழிப்பான். அடுத்ததுல போறேன். எனக்கென்ன அவசரம்.

எங்க விட்டேன்? ஆங். லீவுக்கு முன்ன மேடம் கூப்பிட்டாங்க. "கோமதி, திறக்குத அன்னைக்கு நீ எழுதுனதைக் கொண்டா. எவ்வளவு இருந்தாலும் சரி, எப்படி இருந்தாலும் சரி. திருத்திக்கிடலாம். எனக்கு நீயா எழுதுனது ஏதாவது வேணும்"னாங்க. அப்படியே மனசு உருகிப் போச்சு எனக்கு. லீவு பூரா எங்கயும் போகலை. ஹாஸ்டல் மெஸ்சும் பூட்டிட்டான். பன்னும் டீயும். உக்காந்து எழுதுனேன் அண்ணாச்சி, சத்தியமா எழுதுனேன். எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி, பதினொரு பக்கம். நல்ல தாள்ல பிரிண்ட் எடுத்து, இன்னைக்குக் காலையில கொண்டு போய் மேடம் மேசையில வெச்சேன். பூ வெச்சுட்டுத்தான்.

மேடம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆசையா எடுத்தாங்க. படிச்சாங்க. நான் எதிர்ல நிக்கேன். பக்கத்தைத் திருப்புதாங்க, திருப்புதாங்க, முகத்துல ஒண்ணும் தெரியல. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டு, "இது என்னப்பா?"ன்னாங்க.

"நன்றியுரை, மேடம்."

தீசிஸ்ல முன்னால வைப்போம்ல அண்ணாச்சி, பெத்தவங்களுக்கு நன்றி, கைடுக்கு நன்றின்னு, அதுதான். மத்தவன்லாம் ஒரு பக்கத்துல முடிச்சிருவான். "இன்னாருக்கும் இன்னாருக்கும் நன்றி"ன்னு பேரை அடுக்கிட்டுப் போயிருவான். எனக்கு அது மனசாகாது. மேடத்துக்கு மட்டும் ரெண்டு பக்கம். அவங்க எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வீட்டுலேர்ந்து கஞ்சி குடுத்து விட்டது வரைக்கும் எழுதியிருக்கேன். லைப்ரரியன், ஜெராக்ஸ் கடை, கேட்டுல நிக்குத செக்யூரிட்டி, ஆராய்ச்சிக்காகச் சந்தை சந்தையா அலைஞ்சப்ப திண்ணையில படுக்க இடம் குடுத்த டீக்கடைக்காரரு, இன்னும் தீசிஸை அடிக்கப் போற டைப்பிஸ்ட், பைண்டிங் பண்ணப் போற ஆளு, வைவா அன்னைக்குக் கேள்வி கேக்கப் போற எக்சாமினரு. அவரு யாருன்னே தெரியாது, பேருக்குப் புள்ளி புள்ளியா விட்டிருக்கேன்.

"மத்த சாப்டர் எங்க?"ன்னாங்க.

"அதெல்லாம் இனிமே எழுதணும் மேடம். இதை முடிச்சிட்டா ஒரு பாரம் குறையும்ல."

"இதை எல்லாரும் கடைசியில எழுதுவாங்க கோமதி."

"எப்படியும் எழுதத்தானே வேணும் மேடம்?"

நான் கேட்டதுல நியாயம் இருக்கா இல்லையா? கல்யாண வீட்டுல பத்திரிகை முதல்ல அடிக்கதில்லையா? அதுக்கப்புறம்தான் அரிசி பருப்பு வாங்குதாங்க. மேடம் கையை நீட்டுனாங்க. எனக்குப் புரியலை, தாளைத்தான் கேக்காங்களாக்கும்னு நெனச்சேன், அது அவங்க கையிலேயே இருக்கு. "சாவி"ன்னாங்க.

டிபார்ட்மெண்ட் சாவி அண்ணாச்சி! இத்தனை வருசமா என் இடுப்புல கெடந்த சாவி! குடுத்தேன். வேற என்ன செய்ய? அதை வாங்கி, அந்தப் பக்கமாப் போன ரிஸ்வானாவைக் கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க.

இந்த ரிஸ்வானா யாருன்னு சொல்லணும். எனக்கு ரொம்பப் பின்னாடி வந்து சேந்த பிள்ளை, கடையநல்லூர்ப் பக்கம். வருவா, மூலையில உக்காருவா, எழுதுவா, போவா. ஒரு நாள் ஒரு பெஞ்சை நகட்டுனவ கெடையாது. "ரிஸ்வானா, விருந்தாளி வாராரு, வாசல்ல நிக்கணும்"னு சொன்னா, "வழி தெரியும்லண்ணே, அவரே வந்திருவாரு"ம்பா. இந்தப் பிள்ளை அதுக்குள்ள பாதித் தீசிஸை எழுதிக் குடுத்துட்டான்னு பேச்சு. எழுதத்தான் செய்வா. வேற வேலை? டிபார்ட்மெண்டுக்குன்னு ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாதவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? சாவி வாங்குனவ என்ன செஞ்சா தெரியுமா? ஆபீஸ் அறைச் சுவத்துல ஒரு ஆணி இருக்கு, அதுல மாட்டிட்டுப் போயிட்டா. "யாருக்கு வேணுமோ எடுத்துக்கிடட்டும்ணே"ன்னு என்கிட்டயே சொல்லுதா! ஆணியில அண்ணாச்சி! போற வாறவன்லாம் எடுக்கான், திறக்கான், மாட்டுதான். நான் பாத்துக்கிட்டே நிக்கேன்.

மேடம் என்னைப் பாத்துச் சொன்னாங்க, "மூணு சாப்டர் கொண்டு வராம நீ இந்த வாசப்படி ஏறக்கூடாது. வீட்டுக்குப் போ. இன்னைக்கே போ. உங்க அண்ணன்ட்ட நான் முன்னமே போன்ல பேசிட்டேன்." பேசிட்டாங்களாம்! வீட்டுல சொல்லிக் குடுத்தாச்சு, ஒண்ணாங் கிளாஸ் பையன் மாதிரி. எங்கண்ணன் சும்மாவே, "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல"ம்பான் என்னைப் பாத்து. இனி கேக்கணுமா?

வாசப்படி ஏறக்கூடாதுன்னாங்களே ஒழிய ஜன்னல்கிட்ட நிக்கக்கூடாதுன்னு சொல்லலையே. விழா முடியுற வரைக்கும் ஜன்னல்ல நின்னேன். எப்படியும் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. சேர் பத்தாது, அப்பவாவது கூப்பிடுவாங்க. பத்தலை, நிசந்தான். ரெண்டாம் வருசப் பிள்ளைக எந்திரிச்சுப் போய்ப் பக்கத்து ரூம்புலேர்ந்து தூக்கிட்டு வந்துட்டுதுக. மைக் கத்துச்சு. விருந்தாளி மைக்கைத் தள்ளி வெச்சுட்டு வாயாலேயே பேசிட்டாரு. பொன்னாடை கெடையாது, ஒரு புஸ்தகத்தைக் குடுத்தாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே வாங்குனாரு. கடைசியா நன்றியுரை. யாரு சொல்லப் போறா? எப்படி அதை விடப் போறாங்க? மேடம் எந்திரிச்சு, "சரிம்மா, எல்லாரும் டீ குடிச்சிட்டு கிளாசுக்குப் போங்க"ன்னாங்க. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு.

நன்றி சொல்லாம ஒரு விழா முடியலாமா அண்ணாச்சி? எங்கயாவது நடக்குமா? அதுல கொடுமை என்னன்னா, ஒருத்தர் முகத்துலயும் அந்தக் குறை தெரியலை. எல்லாம் சிரிச்சுப் பேசிக்கிட்டே வெளிய வருதுக. சீக்கிரம் முடிஞ்சதுன்னு ஒருத்தன் சந்தோசப்படுதான்.

வீட்டுக்குப் போகத்தான் வேணும். மதினி அவங்க தையல் மிஷினைத் தூக்கி நடையில போட்டுட்டு எனக்கு ரூம்பு ஒழிச்சு வெச்சிருக்காங்களாம். ஒரு மேசை, ஒரு சேர், ஒரு ஃபேன். பிள்ளைக சத்தம் போடக்கூடாதுன்னு உத்தரவாம். போன்ல மதினி சொல்லி முடிக்குமுன்ன நான் போனை வெச்சுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்லலை அண்ணாச்சி, நிசமாவே பயமா இருக்கு. இங்கன இருந்தா யாராவது கூப்பிடுவாங்க, "கோமதி, புரொஜெக்டர் எரியல", "கோமதி, சாருக்கு டிக்கெட் போடு"ன்னு. ஓடுவேன். அங்க யாரு கூப்பிடுவா? கதவைச் சாத்திட்டா நானும் அந்த வெள்ளைத் தாளும்தான். முத வரி எழுதுவேன். படிச்சா ஏழாங் கிளாஸ் பையன் எழுதுன மாதிரி இருக்கும். அடிச்சிருவேன். இத்தனை வருசம் கழிச்சு இவன் எழுதுனது இவ்வளவுதானான்னு கேப்பாங்கல்ல?

என்ன ஆராய்ச்சியா? வாரச்சந்தை. நம்ம பக்கத்து வாரச்சந்தைகளோட வரலாறு. நான் போகாத சந்தை கெடையாது. மாட்டுச் சந்தையில விலை பேசுதது பாத்திருக்கீங்களா? உங்க துண்டைக் குடுங்க ஒரு நிமிசம். கையை நீட்டுங்க. இப்படிப் போட்டு மூடிக்கிடணும். இப்ப உள்ள நான் உங்க விரலைப் பிடிக்கேன். பிடிக்கிறது தெரியுதா? இது நான் கேக்குத விலை. நீங்க என் விரலை அமுக்குங்க, அது நீங்க சொல்லுத விலை. சுத்தி இருவது பேரு நிப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. முகத்தை மட்டும் அசைக்கக்கூடாது. நீங்க சிரிக்கீங்க, பாத்தீங்களா, உங்க மாடு போச்சு!

ஒரு சந்தையில ஒரு அம்மாவைப் பாத்தேன் அண்ணாச்சி. மாட்டுத் தரகு பாத்த புருசன் செத்துப் போக, இந்தம்மா எறங்கிருச்சு. ஆம்பளைக வாரான், மாட்டைப் பாக்கான், துண்டுக்குள்ள கைய விடக் கூச்சப்பட்டுப் போயிருதான். ஒரு பொம்பளை கையைப் பொது இடத்துல எப்படிப் பிடிக்கதுன்னு. ரெண்டு வாரம் ஒண்ணும் விக்கலை. மூணாவது வாரம் அந்தம்மா என்ன செஞ்சுச்சு, ஒரு கன்னுக்குட்டிய நடுவுல நிறுத்துச்சு. அது முதுகு மேல துண்டை விரிச்சுச்சு. "நீ அந்தப் பக்கம் கைய விடு, நான் இந்தப் பக்கம் விடுதேன், விலையக் கன்னுக்குட்டி மேல தட்டு, எனக்குத் தெரியும்"னுச்சு. கையும் படலை, விலையும் வெளிய தெரியலை. கன்னுக்குட்டிதான் கூச்சத்துல நெளியும்! அன்னையிலேர்ந்து அந்தம்மா வராம அந்தச் சந்தையில பெரிய மாடு கை மாறுனதில்ல. இப்படி எத்தனை சொல்லட்டும் உங்களுக்கு.

இதை எழுதலாமேன்னு நீங்களும் கேக்கீங்க பாருங்க. மேடமும் இதையேதான் கேக்காங்க. இது பேச்சுல்ல அண்ணாச்சி? சும்மா பஸ் ஸ்டாப்புல பேசுதது. ஆராய்ச்சின்னா அது வேற. அதுக்கு ஒரு நடை இருக்கு, ஒரு கனம் இருக்கு. அது வரணும். அது வராமத்தானே நான்... சரி, அதைச் சொன்னா உங்களுக்குப் புரியாது.

அந்தா வாரது உங்க மகளா? பச்சைத் தாவணி... சுடிதாரா? வாம்மா, வா. என்ன திரும்பி வந்துட்ட? எந்த ஜன்னல்ல நிக்கணும்னு தெரியலையா? நான் வாரேன், வா. சலான் எடுத்தியா? டி.சி.ய ஒரிஜினல் குடுத்திறாத, அட்டெஸ்டேஷன்...

எல்லாம் முடிஞ்சிட்டா? ஹாஸ்டலும்? ரூம் நம்பரும் குடுத்துட்டாங்களா? யாரும் கூட வரலை? கண்ணாடி போட்ட ஒரு அக்கா எழுந்து வந்து ஜன்னலைக் காட்டுனாங்களா. ரிஸ்வானா. ம். நல்லது. நல்லதும்மா.

ஹாஸ்டலுக்குக் கிளம்பியாச்சா அண்ணாச்சி? பெட்டிய நான் தூக்குதேன். அட, பிள்ளையே தூக்கிட்டு. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமே. இல்லையா? சரி.

இன்னா, பஸ் வந்துட்டு. ஆமா, சங்கரன்கோயில்தான். ஆமா, காலியாத்தான் இருக்கு. தெரியுது கண்டக்டரே, கத்தாதீங்க, ஏறுதேன்.

ஒரு நிமிசம் அண்ணாச்சி. ஒரே நிமிசம். கடைசியா மேடம் ஒண்ணு கேட்டாங்க, அதை உங்ககிட்ட சொல்லவே இல்ல. நீங்க பெரியவங்க, நியாயம் சொல்லணும். நான் ரூம்பை விட்டு வெளிய வரப் போறேன். "கோமதி"ன்னு கூப்பிட்டாங்க. கோவமால்லாம் இல்ல. "நான் இந்த செமஸ்டரோட போயிருவேன். அதுக்கப்புறம் நீ யாருக்குப்பா இதெல்லாம் செய்வ?"ன்னாங்க.

நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கிடாமச் சொன்னேன், "அடுத்து வாரவங்களுக்கு, மேடம்"னு.

அவங்க கண்ணாடியக் கழட்டுனாங்க. தொடைக்காங்கன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா, அழுதாங்க அண்ணாச்சி. அந்தப் பதினொரு பக்கத்தையும் கையில வெச்சுக்கிட்டு ஜெபக்கனி மேடம் அழுதாங்க. அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? இல்லாததையா சொல்லிட்டேன்?

இரும்மா, அப்பா வருவாரு, ஒரு நிமிசம். கண்டக்டரே, நீங்க போங்க, நான் அடுத்ததுல வாரேன். சொல்லுங்க அண்ணாச்சி, நான் சொன்னதுல என்ன தப்பு?